ஜாடியில் குறைந்த நாற்பத்திரண்டு மணிகள்

ஆகஸ்ட் 1 – 38
ஆகஸ்ட் 29 – 121
செப்டம்பர் 26 – 204
அக்டோபர் 31 – 317
நவம்பர் 28 – 440
டிசம்பர் 5 – 409

மேலே இருப்பவை ஒரு கண்ணாடி ஜாடிக்குள் கிடந்த மர மணிகளின் எண்ணிக்கை. மூன்றாம் வகுப்பின் ஜாடி. வெள்ளிக்கிழமைதோறும் கணக்கெடுத்துப் பதிவேட்டில் ஏற்றியது அந்த ஆரம்பப் பள்ளியின் எழுத்தரான நான். முதல் ஐந்து வரிகள் ஏறுகின்றன, ஆறாவது இறங்குகிறது. ஜாடியில் விழுந்த மணியை யாரும் திரும்ப எடுக்கக் கூடாது என்பது அந்த வகுப்பின் விதி. அப்படியிருக்க எண்ணிக்கை எப்படி இறங்கும்? அந்தக் கேள்வி எட்டு வயதுப் பெண் ஒருத்தியைப் பள்ளியை விட்டும், அவளுடைய டீச்சரை வேலையை விட்டும் துரத்தப் பார்த்தது. இந்தக் குறிப்பு அந்த டீச்சரைப் பற்றியது.

அவரைப் பிள்ளைகள் ஜாடி டீச்சர் என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அவருடைய அப்பா பேருந்து ஓட்டுநர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் என்பதால் இருபது வயதில் படிப்பை விட்டுச் சட்டைத் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே பதினோரு வருஷம் பரிசோதனை மேஜை. தைத்து வரும் சட்டையில் தப்பு தேடுவது வேலை. நூல் பிசிறு, கோணல் காலர், விட்டுப்போன பொத்தான் என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சிவப்புத் தாள் ஒட்ட வேண்டும். அந்த வேலையில் இருந்துகொண்டே தபாலில் படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, முப்பத்தைந்தாம் வயதில் எங்கள் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியராக வந்தார். இரண்டு வருஷத்தில், முப்பத்தேழு வயது முடிவதற்குள், நிரந்தர உத்தரவு வந்தாக வேண்டும். வராவிட்டால் வயது கடந்துவிடும். அப்புறம் எந்தப் பள்ளியும் எடுக்காது.

சேர்ந்த அன்று பணிப்பதிவேட்டுக்காகப் பிறந்த தேதி கேட்டேன்.

"ஏப்ரல் ஒண்ணு சார்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"சிரிச்சுடுங்க, பரவாயில்லை. எங்க வீட்டுல இன்னும் சிரிச்சு முடிக்கலை" என்றார்.

இரண்டாம் வருஷம் ஜூலையில் அவருக்கு மூன்றாம் வகுப்பைக் கொடுத்தார்கள். அந்த வகுப்பு என்றால் அப்போது யாருக்கும் ஆகாது. கடிப்பது, கிள்ளுவது, அடுத்தவன் நோட்டைக் கிழிப்பது. முந்தைய ஆசிரியர் கரும்பலகையின் ஒரு மூலையில் கோடு போட்டு, சேட்டை செய்தவர்கள் பெயரை எழுதிவைப்பார். மாலைக்குள் அந்த மூலை நிரம்பிவிடும். ஜாடி டீச்சர் வந்ததும் முதல் வேலையாக அந்த மூலையைத் துடைத்தார். மறுநாள், மூடிய கடை ஒன்றிலிருந்து வாங்கிய பழைய பிஸ்கட் ஜாடியைக் கொண்டுவந்து வைத்தார். மூடி இல்லை. பக்கத்தில் ஒரு பை நிறைய மர மணிகள்.

"பதினோரு வருஷம் தப்பு தேடியே கண்ணு பூத்துப்போச்சு சார். இனிமே நல்லதைத் தேடறேன்" என்று என்னிடம் சொன்னார்.

யாராவது நல்லது செய்வது கண்ணில் பட்டால் அதை வகுப்புக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு ஒரு மணியை ஜாடிக்குள் போடுவார். டங்கென்று சத்தம் வரும். மணி செய்தவனுக்குச் சொந்தமல்ல, வகுப்புக்கே சொந்தம். ஐந்நூறு சேர்ந்தால் வகுப்பு கேட்பது கிடைக்கும். என்ன வேண்டும் என்று ஓட்டெடுத்தார். தலைமையாசிரியர் ஒரு பீரியடு முழுக்க எங்கள் பெஞ்சில் உட்கார வேண்டும், நாங்கள் பாடம் நடத்துவோம் என்று முடிவாயிற்று. தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஐந்நூறு எங்கே சேரப்போகிறது என்று நினைத்திருப்பார்.

செப்டம்பருக்குள் கடிப்பது நின்றது. தலைமையாசிரியருக்குப் பெருமை பிடிபடவில்லை. மாதாந்திர அறிக்கையில் ஜாடிக் கணக்கையும் சேர்த்துக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னார். ஆகஸ்டிலிருந்தே விளையாட்டாகக் கையால் எண்ணி எழுதிவந்த எனக்கு அது கட்டாய வேலையாயிற்று. வெள்ளிக்கிழமை எனக்கு மூச்சு விட நேரமிருக்காது. எனவே தபால் தராசை எடுத்தேன். நூறு மணி நூற்றைம்பது கிராம். ஜாடியைக் கவிழ்த்து மணிகளை நிறுத்து, வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். செப்டம்பரில் இரண்டு முறை கையாலும் எண்ணிச் சரிபார்த்தேன். ஒரு மணிகூடப் பிசகவில்லை. அப்புறம் சரிபார்ப்பதை விட்டுவிட்டேன்.

டிசம்பர் 5 அன்று தராசு 409 காட்டியது. ஐந்து முறை நிறுத்தேன். ஐந்து முறையும் 409.

"முப்பத்தொண்ணு குறையுதா?" என்றார் தலைமையாசிரியர்.

"நாற்பத்திரண்டு சார். இந்த வாரம் புதுசா பதினொண்ணு போட்டிருக்காங்க. அதையும் சேர்த்தா நானூத்தி ஐம்பத்தொண்ணு இருக்கணும்."

அவர் கேட்காத கணக்கை நானே சொல்லி நெருப்பில் நெய் ஊற்றினேன். அவர் உடனே ஒழுங்குப் பதிவேட்டை எடுக்கச் சொன்னார். யாரை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணை எல்லோரும் அணில் என்று கூப்பிடுவார்கள். கண்ணில் பட்டதைக் கொண்டுபோய்ப் பதுக்கும் பழக்கம். அவள் பெயரில் ஏற்கெனவே இரண்டு பதிவுகள். ஜூன் மாதம் பையில் பதினான்கு சாக்பீஸ் துண்டுகள். ஜூலையில் பக்கத்துப் பெண்ணின் கரடி பொம்மை அழிப்பான். மூன்றாவது பதிவு விழுந்தால் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்பது பள்ளியின் விதி. அந்தப் பதிவில் வகுப்பாசிரியரின் கையெழுத்தும் வேண்டும்.

திங்கள்கிழமை காலை ஜாடி டீச்சர் கேட்டுக்கொண்டபடி பிள்ளைகள் முன்னால் தரையில் துணி விரித்து மணிகளைக் கையால் எண்ணினோம். பத்துப் பத்தாக அடுக்கினோம். 409. தராசு சொன்னது சரி.

அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி, தேதியோடு, பென்சிலில்.

"மூக்கு ஒழுகியவனுக்குக் கைக்குட்டை கொடுத்தான். திரும்பக் கேட்கவில்லை. நியாயம்தான்."

"தோற்றவள் ஜெயித்தவளின் பையைத் தூக்கி வந்தாள்."

"திட்ட வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்."

வரிகளை எண்ணினேன். 409.

"யாரும் எடுக்கலை சார். போட்டதே இவ்வளவுதான்" என்றார்.

"அப்போ என் பதிவேடு பொய்யா, டீச்சர்?" என்றேன்.

"அப்படிச் சொல்லலை சார்."

"வேற எப்படிச் சொல்றீங்க? பென்சில்ல எழுதினதெல்லாம் கணக்கு ஆகாது."

முப்பத்திரண்டு பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் சுண்டிவிட்டது. நோட்டை மூடி டிராயரில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியர் அணிலைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அடிக்கவில்லை, அதட்டவுமில்லை, அவர் அப்படிப்பட்டவரல்ல. இருபது நிமிஷம் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். முடிவில் அவள் "நான்தான் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டாள். தகவல் கேட்டு ஜாடி டீச்சர் ஓடிவந்தார். கையில் சாக்பீஸ் அப்படியே இருந்தது.

"எத்தனை எடுத்தே?"

"பத்து."

"எங்கே வெச்சிருக்கே?"

"வீட்டுல." தலைமையாசிரியரை ஒரு பார்வை பார்த்தாள். "இல்ல டீச்சர், தூக்கிப் போட்டுட்டேன்."

"ஒத்துக்கிட்டாளே, இன்னும் என்ன வேணும்?" என்றார் தலைமையாசிரியர்.

"குறையறது நாற்பத்திரண்டு. பத்துதான் சொல்றா. மீதி முப்பத்திரண்டு?"

"கேட்டா அதையும் ஒத்துக்குவா."

"அதான் சார் எனக்குப் பயமா இருக்கு."

தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சர், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தபால் போகும். மூணாவது பதிவு அதுல போகணும். உங்க நிரந்தரத்துக்கான என் அறிக்கையும் அதே உறையிலதான் போகுது. கையெழுத்து போட்டுக் கொடுத்திடுங்க. ரெண்டும் ஒண்ணா போகட்டும்."

இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கையெழுத்திட்டால் அணில் போவாள், டீச்சர் இருப்பார். இடாவிட்டால் அறிக்கையில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. ஏப்ரல் முதல் தேதி யாருக்காகவும் காத்திருக்காது.

புதன்கிழமை அணிலின் பெரியம்மா வந்தார். தெருமுனையில் இஸ்திரி கடை வைத்திருப்பவர். கரி வாசனையோடு என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"சார், நீங்கதான எழுதறவரு?"

"ஆமாம்மா. உட்காருங்க."

"உட்கார நேரமில்ல. அடுப்புல பெட்டிய வெச்சிட்டு வந்திருக்கேன். ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அவ எடுத்திருந்தாலும் எடுத்தேன்னுதான் சொல்லுவா, எடுக்கலைன்னாலும் எடுத்தேன்னுதான் சொல்லுவா. எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி அவங்கப்பன் கையில அடி வாங்கி வளந்த புள்ள. ஒத்துக்கிட்டா அடி சீக்கிரம் நிக்கும்னு அதுக்குத் தெரியும்."

"கணக்கு குறையுதே அம்மா."

"கணக்கு உங்களுதுதான? நீங்களே இன்னொரு தடவ பாருங்க. நான் பாக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு விடுவிடுவென்று போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. இருபத்தொன்பது வருஷத்தில் என்னைப் பார்த்து யாரும் இன்னொரு தடவை பாருங்கள் என்று சொன்னதில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு ஆவண அறைக்குப் போனேன், மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தை எடுக்க. அங்கே ஒரு மர அலமாரி உண்டு. மழைக்காலம் முழுக்க அதன் கதவோடு எனக்கு மல்லுக்கட்டு. ஒரு கையால் கைப்பிடியை இழுத்து, காலால் அடியில் எத்தினால்தான் திறக்கும். அன்றும் பழக்கதோஷத்தில் பலமாக இழுத்தேன். கதவு சட்டென்று திறந்து என் நெற்றியில் அடித்தது.

அப்படியே நின்றேன். மரம் மழையில் ஊதியிருந்தது. வெயில் வந்ததும் வற்றிவிட்டது.

புத்தகத்தை எடுக்காமல் மூன்றாம் வகுப்புக்கு நடந்தேன். நெற்றி வீங்கியிருந்ததைப் பிள்ளைகள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

"டீச்சர், இந்த ஜாடி எப்பவும் ஜன்னல்லதான் இருக்குமா?"

"இல்ல சார். அந்த வடக்குச் சுவரு ஓரமா அலமாரித் தட்டுல இருந்துச்சு. மழைக்கு அங்கே ஓதம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்னு போன வாரம் திங்கக்கிழமைதான் ஜன்னலுக்கு மாத்தினேன்."

திங்கள், டிசம்பர் 1. ஐந்து நாள் நல்ல வெயில்.

நூறு மணிகளை எண்ணி எடுத்து நிறுத்தேன். 150 கிராம். ஈரத் துணியில் சுற்றி என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். வெள்ளிக்கிழமை காலை எடுத்து, மேல் ஈரத்தை ஒற்றி நிறுத்தேன். 168. மணிகள் அதே நூறு. தராசைக் கேட்டால் நூற்றுப்பன்னிரண்டு என்று சொல்லும்.

பென்சில் நோட்டை வாங்கிவந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையாக ஒப்பிட்டேன். அக்டோபர் 17 வரை இரண்டு கணக்கும் ஒன்று. மழை தொடங்கிய வாரத்தில், அக்டோபர் 24 அன்று, என் கணக்கு மேலே போகத் தொடங்கியிருந்தது. நவம்பர் 28 அன்று நான் எழுதிய 440 உண்மையில் 398. காணாமல் போன நாற்பத்திரண்டு மணிகளும் என் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தன.

மூன்று மணிக்குத் தலைமையாசிரியர் அறையில் மூன்று பேர் இருந்தோம். மேஜையில் தராசு, காய்ந்த மணிகள் ஒரு பொட்டலம், ஊறியவை ஒரு பொட்டலம், ஒழுங்குப் பதிவேடு, ஒட்டாத உறை. நிறுத்துக் காட்டினேன். தலைமையாசிரியர் இரண்டு முறை பார்த்தார்.

"சரி, மரம் ஊறும். அதுக்கு என்ன இப்போ?"

"என் பதிவுல ஆறு வாரம் தப்பு சார். மணி எதுவும் குறையலை."

"நான் அக்டோபர், நவம்பர் ரெண்டு மாசமும் அந்த எண்ணிக்கையை மேலே அனுப்பியிருக்கேனே! இப்போ போய் எல்லாம் தப்புன்னு எழுதினா, இந்தப் பள்ளிக்கூடத்துல வேற எதெல்லாம் தப்புன்னு கிளம்பி வருவாங்க." குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாசம். எதுக்கு சார் இந்த வம்பு? அந்தப் பொண்ணே ஒத்துக்கிட்டாச்சு. பக்கத்துல வேற பள்ளிக்கூடம் இருக்கு. யாருக்கும் நஷ்டமில்லை."

"அவளுக்கு?" என்றார் ஜாடி டீச்சர்.

தலைமையாசிரியர் ஒழுங்குப் பதிவேட்டைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார். பேனாவைத் திறந்து அதன்மேல் வைத்தார். மணி மூன்று இருபது. வெளியே பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாடு கத்துவது கேட்டது.

ஜாடி டீச்சர் பேனாவை எடுத்தார். அவர் அதன் மூடியைத் தேடி எடுத்து, மூடி, மேஜைமேல் வைத்தார்.

"என் அறிக்கையில என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க சார். பதினோரு வருஷத்துல நல்ல சட்டை மேல நான் சிவப்பு ஒட்டினதில்லை. இப்பவும் ஒட்ட மாட்டேன்."

நான் மணிக் கணக்குப் பதிவேட்டைத் திறந்தேன். சிவப்பு மையால் ஆறு எண்களை அடித்தேன். அவற்றின் மேலே பென்சில் நோட்டின் எண்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்திட்டுத் தேதி போட்டேன். தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை. நாலு மணிக்குத் தபால்காரர் வந்தார். கொடுக்க எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. அணிலின் பெயரில் மூன்றாவது பதிவு கடைசிவரை விழவில்லை.

திங்கள்கிழமை வகுப்பில் ஜாடி டீச்சர் நடந்ததை அப்படியே சொன்னார். நானும் வாசலில் நின்றேன். அணில் கை தூக்கினாள்.

"அப்போ நான் எடுத்தேன்னு சொன்னது, டீச்சர்?"

"அது பொய். எடுத்துட்டு எடுக்கலைன்னு சொன்னாலும் பொய், எடுக்காம எடுத்தேன்னு சொன்னாலும் பொய். யாரு எத்தனை தடவை கேட்டாலும் உண்மையைச் சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்."

முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "கிளார்க் சார் தப்பை ஒத்துக்கிட்டாரே, அவருக்கு ஒரு மணி போடுங்க டீச்சர்!"

"பெரியவங்களுக்கெல்லாம் கிடையாது. அவங்க அதைச் செய்யத்தான் வேணும்" என்றார்.

திருத்திய கணக்கு டிசம்பர் 16 அன்று மேலே போனது. டீச்சரைப் பற்றிய அறிக்கை போகவில்லை. தலைமையாசிரியர் அதை டிராயரில் வைத்துக்கொண்டார். கல்வி அலுவலகத்திலிருந்து முதல் கடிதம் டிசம்பர் 29 அன்று வந்தது. என்னிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். இரண்டாவது கடிதம் ஜனவரி 22. பள்ளியின் கணக்கில் பிழை கண்டிருப்பதாலும், தலைமையாசிரியரின் பரிந்துரை வராததாலும் ஜாடி டீச்சரின் நிரந்தரம் நிறுத்திவைக்கப்படுகிறது என்று இருந்தது. கடிதத்தை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நாளைக்கு ஐந்நூறு ஆயிடும் சார், நாலுதான் பாக்கி. வந்து எண்ணிக் கொடுங்க. கையால" என்று மட்டும் சொன்னார்.

ஜனவரி 23 அன்று கையால் எண்ணினேன். ஐந்நூறு. தலைமையாசிரியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முழங்கால் முகவாயில் இடிக்க, மூன்றாம் வகுப்பு பெஞ்சில் அணிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பலகை அருகே நின்ற ஒரு குட்டி ஆசிரியை அவரை எழுப்பிப் பதிமூன்றாம் வாய்ப்பாடு கேட்டாள். எட்டுப் பதிமூன்றில் அவர் திணறினார். வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டது. அணில் மேஜைக்கு அடியில் விரலால் அவர் கால்சட்டையில் 104 என்று எழுதினாள். அவர் சொல்லிவிட்டு உட்காரப் போனார். பிறகு திரும்ப எழுந்தார்.

"எனக்குத் தெரியலை. இவதான் சொல்லிக்கொடுத்தா" என்றார்.

வகுப்பே கூரை பிய்ந்துவிடும்படி சிரித்தது. ஜாடி டீச்சரும் சிரித்தார். அவருக்கு வேலை போக அறுபத்தேழு நாள் இருந்தது.

ஜனவரி 27 அன்று தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு நாலு வரி சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ய வைத்தார். "பிழை பள்ளித் தராசினுடையது, ஆசிரியருடையது அல்ல, குற்றமற்ற பிள்ளையின் பெயரில் பதிவிட நான் வற்புறுத்தினேன், அவர் மறுத்தார், மறுத்தது சரி, நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்கிறேன்." கையெழுத்திட்டு, உறையைத் தானே ஒட்டினார்.

பிப்ரவரி முழுக்கப் பதில் இல்லை. பகல் இரண்டு மணிக்குத் தபால் வரும்போது ஜாடி டீச்சர் என் அறை ஜன்னலைக் கடந்து போவார். நிற்க மாட்டார், ஒன்றும் கேட்க மாட்டார். நான் தலையை ஆட்டுவேன், இல்லை என்று. மார்ச் முதல் வாரத்தில் அந்த வழியாக வருவதையே விட்டுவிட்டார். தொழிற்சாலையில் மறுபடி ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்ததாகப் பிறகு தெரிந்தது. வகுப்பில் மட்டும் டங், டங் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஜாடியைக் காலி செய்து முதலிலிருந்து தொடங்கியிருந்தார்கள்.

அலுவலகத்தின் மூன்றாவது கடிதம், அதுதான் கடைசி, பகல் இரண்டு பத்துக்கு வந்தது. உள்வரவுப் பதிவேட்டில் ஏற்றாமல் எந்தக் கடிதத்தையும் நான் இடம்விட்டு நகர்த்தியதில்லை. அன்று நிரந்தர உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றாம் வகுப்புக்கு ஓடிவிட்டு, வந்த பிறகுதான் ஏற்றினேன். உள்வரவு எண் 212. வந்த தேதி, மார்ச் 19.